‘போட்டுப் பார்க்கட்டுமா?’ – தாம்பரம் வட்டாரப் பேச்சு இந்தியில் முயன்று பார்க்க இசைவு கேட்கும் முறை: தமிழோடு ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளை அணிந்தோ, சுவைத்தோ, இயக்கியோ பார்ப்பதற்குப் பிறரிடம் இசைவு கேட்பது அன்றாடப் பேச்சுச் செயல்களுள் ஒன்று. தாம்பரத்திலும் தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளிலும் தமிழர்க்கும் வடமாநிலத்தவர்க்கும் இடையே இச்செயல் பல நேரங்களில் பேச்சு இந்தியில் நிகழ்கிறது. இத்தகைய கேள்வி இந்தியில் எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரை தமிழ் அமைப்புகளோடு ஒப்பிட்டு விளக்குகிறது. ‘பார்’ என்னும் துணைவினை, இசைவு வினா வடிவங்கள், மென்மையூட்டும் சிறுசொற்கள், விளிச்சொற்கள், மறுப்பு முறைகள் ஆகியவற்றில் இரு மொழிகளும் நெருங்கி நிற்கின்றன. பணிவைத் தாங்குவது ‘தயவுசெய்து’ போன்ற தனிச்சொல் அன்று, வினைவடிவமே என்பதும், ஏவலை மட்டும் கற்று இசைவு வடிவத்தைக் கல்லாமல் விடுவது பணியிட உறவைப் பாதிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: துணைவினை, இசைவு வினா, ஏவல், பணிவு, பேச்சு இந்தி, தாம்பரம், ஒப்பியல் இலக்கணம்.

1. முன்னுரை

கேட்கும் சொல்லில் கேட்பவரின் நிலை வெளிப்படும் என்பது தமிழ் இலக்கண மரபு நெடுங்காலம் முன்பே உணர்ந்த செய்தி. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ ஆகிய மூன்று சொற்களும் ஒன்றைத் தருமாறு வேண்டுவனவே. எனினும் கேட்பவர் தாழ்ந்தோராயின் ‘ஈ’ என்றும், ஒத்தோராயின் ‘தா’ என்றும், உயர்ந்தோராயின் ‘கொடு’ என்றும் கூறுவர் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் வகுக்கிறது. வேண்டப்படும் பொருள் ஒன்றாயினும் வேண்டுவோர்க்கும் கொடுப்போர்க்கும் உள்ள உறவு சொல்லைத் தேர்கிறது என்பது இதன் கருத்து.

இக்காலத்தில் பணிவு குறித்த மொழியியல் ஆய்வுக்கு அடித்தளமிட்டவர்கள் பெனிலோப் பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவர். 1978இல் முதலில் வெளிவந்து, 1987இல் தனிநூலாக்கப்பட்ட அவர்களுடைய ஆய்வு மூன்று மொழிகளை முதன்மைச் சான்றாகக் கொண்டது. ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்த்தால் மொழியும் இரண்டு. மூன்றாவது கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். ஒருவரிடம் ஒன்றைக் கேட்பது அவருடைய தன்னுரிமையில் சிறிதளவேனும் குறுக்கிடுவதாகும். ஆகவே பேசுவோர் அக்குறுக்கீட்டின் கூர்மையைக் குறைக்கும் வழிகளைத் தத்தம் மொழியில் தேடுகின்றனர் என்பது அவ்வாய்வின் மையக் கருத்துகளுள் ஒன்று.

முயன்று பார்க்கக் கேட்பது இவ்வகையில் தனித்தன்மை உடையது. விலைக்குக் கேட்பவர் பணம் தருகிறார். கடன் கேட்பவர் திருப்பித் தருவதாக உறுதி கூறுகிறார். சட்டையை அணிந்து பார்க்கக் கேட்பவரோ வாங்குவதாக எவ்வுறுதியும் தராமலே பிறருடைய பொருளைக் கையாள விரும்புகிறார். இயந்திரத்தை ஒருமுறை இயக்கிப் பார்க்க விரும்பும் புதிய பணியாளர், அதில் தவறு நேர்ந்தால் பொறுப்பேற்கக்கூடிய மேற்பார்வையாளரிடமே அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஈடின்றிக் கேட்கும் கேள்வியாதலின் இதற்கு மொழியின் துணை மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டு உரையாடல்கள் இலக்கண அமைப்பை விளக்குவதற்காக அமைக்கப்பட்டவை. இந்திச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒலியை ஒட்டித் தரப்படுகின்றன. இறுதியில் வரும் மூக்கொலி ‘ங்’ எனக் குறிக்கப்படுகிறது.

2. களம்

தாம்பரம் பல காலமாகவே பிறமாநிலத்தவர் வந்து சேரும் இடம். 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கு இடம்பெயர்ந்தது. விமானப்படைத் தளம் நாட்டின் பல பகுதிகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்தது. 1984இல் தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஏற்றுமதிப் பதப்படுத்தும் மண்டலம் தொடங்கப்பட்டபின் தொழிற்சாலை வேலை பெருகியது. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. வடகிழக்குத் திசையிலிருந்து வரும் தொலைதூரத் தொடர்வண்டிகள் சில இங்கேயே பயணத்தை முடிக்கின்றன. கட்டடப் பணி, உணவகம், துணிக்கடை, தொழிற்கூடம் எனப் பல இடங்களில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலத்தவரும் நேபாளத்தவரும் பணிபுரிகின்றனர்.

இவர்களுள் பலர்க்கு இந்தி தாய்மொழி அன்று. போஜ்புரி, மைதிலி, ஒடியா, வங்காளம், நேபாளி முதலியன வீட்டு மொழிகள். இந்தி அவர்களுக்கும் வெளியிடத்து மொழியே. தமிழர் தரப்பிலோ, 1968 முதல் அரசுப் பள்ளிகளில் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால், இந்தி அறிந்தோர் அதை இரு வழிகளில் பெற்றிருக்கின்றனர். ஒன்று, 1918இல் தோன்றிய தட்சிண பாரத இந்திப் பிரசார சபை போன்ற அமைப்புகள் நடத்தும் தேர்வுகளுக்காகப் படித்தது. மற்றொன்று, வேலையிடத்தில் காதால் கேட்டுப் பழகியது. ஆகவே தாம்பரம் சண்முகம் சாலையில் கடைக்காரரும் வாங்க வருபவரும் இந்தியில் பேசிக்கொள்ளும்போது இருவருமே இரவல் மொழியில் நிற்கும் நிலை அமையலாம். அந்நிலையில் இருவருடைய தாய்மொழிகளுக்கும் பொதுவான அமைப்பு எது என்று அறிவது பயன் தரும்.

3. ‘பார்’ என்னும் துணைவினை

தமிழில் ‘போட்டுப் பார்’, ‘தின்று பார்’, ‘ஓட்டிப் பார்’, ‘கேட்டுப் பார்’ என்னும் தொடர்களில் ‘பார்’ கண்ணால் காண்பதைக் குறிப்பதில்லை. ஒரு செயலைச் செய்து அதன் விளைவை அறிதல் என்னும் பொருளைத் தருகிறது. முதலில் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். அதன்பின் துணைவினையாக ‘பார்’. கால இடைநிலையும் இடவிகுதியும் துணைவினையையே சேர்கின்றன.

இந்தியிலும் இதே அமைப்பு உள்ளது. ‘பஹன்னா’ என்பது அணிதல். ‘பஹன்கர்’ என்பது ‘அணிந்து’. ‘தேக்னா’ என்பது பார்த்தல். ‘பஹன்கர் தேக்னா’ என்பது சொல்லுக்குச் சொல் ‘அணிந்து பார்த்தல்’. அவ்வாறே ‘சலாகர் தேக்னா’ என்பது ஓட்டிப் பார்த்தல். ‘பூச்கர் தேக்னா’ கேட்டுப் பார்த்தல். ‘கர்கே தேக்னா’ செய்து பார்த்தல். இவ்வொற்றுமை பொருள் மயக்கத்திலும் தொடர்கிறது. ‘திறந்து பார்’ என்பதற்குத் திறந்து உள்ளே நோக்கு என்றும், திறக்கிறதா என்று முயன்று பார் என்றும் இரு பொருள் கொள்ளலாம். இந்தியில் ‘கோல்கர் தேக்கோ’ என்பதற்கும் அவ்விரு பொருளும் உண்டு.

இது இவ்விரு மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் காணுதலைக் குறிக்கும் வினை இப்பணியைச் செய்கிறது. வங்காளத்தில் உண்டு பார்க்கச் சொல்வோர் ‘கேயே தேக்குன்’ என்பர். ஒடியாவிலும் நேபாளியிலும் இத்தகைய தொடர்கள் உள்ளன. 1956இல் எமனோ இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாகக் காணும் கருத்தை முன்வைத்தார். 1976இல் காலின் மசிக்கா அதை வளர்த்து ஆராய்ந்தபோது, வினையெச்சத் தொடரை இப்பரப்பின் முதன்மைக் கூறுகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டார். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் நெடுங்காலம் அருகருகே பேசப்பட்டதால் தொடரமைப்பில் ஒத்து வளர்ந்தன என்பது இக்கொள்கை. இப்பரப்புக்கு வெளியே சப்பானியமும் கொரியமும் இதே பொருளுக்குக் காணும் வினையையே துணைவினையாக்குகின்றன. ஆகவே தாம்பரத்தில் எதிரெதிரே நிற்கும் தமிழரும் ஒடியரும் இந்தியில் முயன்று பார்க்கக் கேட்கும்போது, அதன் அடிப்படைத் தொடரை இருவரும் தம் தாய்மொழியிலேயே வைத்திருக்கின்றனர்.

இத்தொடரைத் தவறவிடச் செய்வது அகராதிப் பொருளே. ‘முயற்சி’ என்பதற்கு இந்தியில் ‘கோஷிஷ்’ என்றும் ‘பிரயத்ன’ என்றும் அகராதிகள் தரும். இவை தடையுள்ள செயலில் உழைப்பைச் செலுத்துவதைக் குறிப்பன; தேர்வில் வெல்ல முயல்வதற்கும், வேலை தேட முயல்வதற்கும் பொருந்துவன. சட்டைக்கோ இனிப்புக்கோ இவை பொருந்தா. ‘இந்தச் சட்டையை முயற்சி செய்யலாமா?’ என்று தமிழில் கேட்பது எவ்வளவு செயற்கையோ, ‘கோஷிஷ்’ இட்டு இந்தியில் அதைக் கேட்பதும் அவ்வளவு செயற்கையே. முயற்சி என்னும் சொல் செயலின் கடுமையை நோக்குகிறது. ‘பார்’ செயலின் விளைவை நோக்குகிறது. கடையில் நிற்பவர் அறிய விரும்புவது விளைவை.

நகரப் பேச்சில் ஆங்கில வழி வந்த ‘ட்ரை’ என்னும் சொல்லும் வழங்குகிறது. தமிழில் ‘ட்ரை பண்ணட்டுமா?’ என்றும் இந்தியில் ‘ட்ரை கரூங்?’ என்றும் வருகிறது. இரு மொழிகளும் வேற்றுமொழிச் சொல்லை அப்படியே வினையாக்காமல், ‘பண்ணு’, ‘கர்னா’ என்னும் தம் வினைகளைச் சேர்த்தே ஏற்கின்றன. பணிவைக் காட்டும் விகுதி இங்கும் உள்ளூர் வினையிலேயே நிற்பது கருதத்தக்கது.

4. ஏவலும் இசைவு வினாவும்

இந்தியில் முன்னிலை மூவகைப்படும். ‘தூ’ மிக நெருங்கியோரிடமும் தாழ்த்திப் பேசும்போதும் வரும், ‘தும்’ ஒத்தோரிடமும் இளையோரிடமும் வரும், ‘ஆப்’ மதிப்புக்குரியது. காட்டுமாறு ஏவும் வினை இவற்றுக்கேற்ப ‘திக்கா’, ‘திக்காவோ’, ‘திக்காயியே’ என மாறுகிறது. இவற்றோடு ‘திக்கானா’ என்னும் தொழிற்பெயர் வடிவமும் ஏவலாகிறது. உடனே செய் என்னும் அழுத்தம் இதில் குறைவு. ‘காட்டேன்’ என்னும் தன்மை உடையது. பானிபூரிக் கடையில் இறுதியாகக் கொடுக்கும் வெறும் பூரியைக் கேட்பவர் ‘பையா, ஏக் சூக்கா தேனா’ என்பது இவ்வகை. நெருக்கமும் மென்மையும் கலந்த இவ்வடிவத்தை, ‘தே’ என்னும் ஏவலுக்கு மாறாகப் பழகிக்கொள்வது எளிது.

ஏவல் கேட்போரின் செயலைப் பற்றியது. முயன்று பார்க்கக் கேட்பதோ பேசுவோரின் செயலைப் பற்றியது. இதற்குத் தமிழில் இரு முதன்மை வடிவங்கள் உள்ளன.

முதலாவது ‘-அட்டும்’ விகுதியோடு வினா எழுத்துச் சேர்ந்தது: ‘போட்டுப் பார்க்கட்டுமா?’ இது ‘நான் இதைச் செய்ய நீங்கள் இசைகிறீர்களா?’ என்று கேட்கிறது. முடிவை எதிரில் இருப்பவரிடம் விடுகிறது. இரண்டாவது ‘-லாம்’ விகுதியோடு வினா எழுத்துச் சேர்ந்தது: ‘போட்டுப் பார்க்கலாமா?’ இதில் எழுவாய் வெளிப்படவில்லை. ‘இங்கு அது வழக்கமா, இடமுண்டா?’ என்று பொதுநிலையில் கேட்கிறது. முன்னது மனிதரிடம் இசைவு கேட்கிறது. பின்னது கடையின் விதியைக் கேட்கிறது.

இந்தியிலும் இவ்விரு வழிகள் உள்ளன. விழைவு வடிவமான ‘பஹன்கர் தேக்கூங்?’ என்பது ‘போட்டுப் பார்க்கட்டுமா?’ என்பதற்கு நிகர். இயலுதலைக் குறிக்கும் ‘சக்னா’ சேர்ந்து, எழுவாய் இன்றிப் பன்மையில் வரும் ‘பஹன்கர் தேக் சக்தே ஹைங்?’ என்பது ‘போட்டுப் பார்க்கலாமா?’ என்பதை நெருங்குகிறது.

இவற்றுள் தமிழர்க்கு எளியது முதலாவது. ‘சக்னா’ வடிவத்தைத் தன்மை ஒருமையில் கூறும்போது ஆண் ‘தேக் சக்தா ஹூங்’ என்றும் பெண் ‘தேக் சக்தீ ஹூங்’ என்றும் பால் வேறுபடுத்த வேண்டும். தமிழில் தன்மை வினைக்குப் பால் வேறுபாடு இல்லை. ஆகவே இங்குப் பிழை நேர்வது இயல்பு. ‘தேக்கூங்’ என்னும் விழைவு வடிவத்தில் பால் வேறுபாடே இல்லை. சுருக்கமும் பணிவும் ஒருங்கே உடைய இவ்வடிவமே பேச்சு இந்தியில் மிக இயல்பாக ஒலிப்பதும் ஆகும். பீகார்ப் பகுதியினர் தம்மை ‘ஹம்’ என்று பன்மையில் கூறும் வழக்கம் உடையவர் ஆதலின், அவர்கள் வாயில் இதுவே ‘ஹம் தேக் லேங்?’ என வரும். கேட்பவர் ஒருவராயினும் பன்மை வடிவம் வருவது கண்டு மயங்க வேண்டியதில்லை.

‘லேங்’, ‘லூங்’ என்பன ‘லேனா’ என்னும் துணைவினையின் வடிவங்கள். செயலின் பயன் செய்வோரையே சேர்வதை இது குறிக்கும். இவ்வகையில் தமிழ்க் ‘கொள்’ என்னும் துணைவினைக்கு இணை. ஆனால் ‘தேக் லூங்?’ என்பதைப் ‘பார்த்துக்கொள்ளட்டுமா?’ என்று பெயர்த்தால் பொருள் திரியும். இக்காலத் தமிழில் ‘பார்த்துக்கொள்’ என்பது பேணுதலையே முதன்மையாகக் குறிக்கிறது. ஒரு வியப்பான ஒற்றுமை இதனோடு இணைந்துள்ளது. சினத்தில் ஒருவரை நோக்கி ‘உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்பது தமிழில் மிரட்டல். இந்தியில் ‘துஜே தேக் லூங்கா’ என்பதும் மிரட்டலே. ஒரே துணைவினை, வினாவாக வரும்போது பணிவாகவும், எதிர்காலக் கூற்றாக மனிதரைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்போது அச்சுறுத்தலாகவும் அமைகிறது. பணிவு சொல்லில் அன்றி வடிவத்தில் தங்குவதற்கு இது தெளிவான சான்று.

‘முஜே தேக்னே தீஜியே’ என்பது மற்றொரு வடிவம்; ‘என்னைப் பார்க்க விடுங்கள்’ என்பது இதன் நேர்ப்பொருள். ‘ஆப்’ நிலைக்குரிய மதிப்பு விகுதி இருப்பதால் இது பணிவெனத் தோன்றும். எனினும் ‘விடுங்கள்’ என்பதில் எதிரிலிருப்பவர் தடுத்து நிற்கிறார் என்னும் குறிப்பு உண்டு. முதன்முறை கேட்பதற்கு இது ஏற்றதன்று. மதிப்பு விகுதி ஒன்றே பணிவாகிவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

5. மென்மையூட்டும் சிறுசொற்கள்

தமிழில் ‘கொஞ்சம்’, ‘ஒரு தடவை’ என்பன கேட்கும் பொருளைச் சிறிதாக்கிக் காட்டுகின்றன. ‘கொஞ்சம் அந்தச் சட்டையைக் காட்டுங்கள்’ என்பதில் சட்டையின் அளவு குறைவதில்லை. கேட்பவர் தரும் தொல்லையின் அளவே குறைத்துக் காட்டப்படுகிறது. இந்தியில் இப்பணியை முதன்மையாக ‘ஜரா’ செய்கிறது. ‘தோடா’ என்பது அளவுச் சொல்லாயினும் பேச்சில் மென்மைக்கும் வருகிறது. ‘ஏக் பார்’ என்பது ‘ஒரு தடவை’. இங்குள்ள ‘பார்’ முறை என்னும் பொருளுடைய பெயர்ச்சொல், தமிழ்ப் ‘பார்’ அன்று. இனிப்புக் கடையில் ‘தோடா’ என்பது பெரும்பாலும் உண்மையான அளவையே குறிக்கும். ஆகவே சுவைத்துப் பார்க்கக் கேட்பவர் ‘ஜரா’ என்று தொடங்குவது மயக்கமற்றது.

வினையை அடுத்து வரும் ‘நா’ என்னும் இடைச்சொல்லும் குறிப்பிடத்தக்கது. ‘திக்காயியே நா’ என்பது தமிழில் ‘காட்டுங்களேன்’ என்பதற்கு நேர். உரிமையோடு வற்புறுத்தும் தொனி இரண்டிலும் உண்டு. பழகியவரிடம் இது இனிமை. முன்பின் அறியாதவரிடம் நச்சரிப்பாகலாம்.

‘தயவுசெய்து’ என்பதற்கு நேராக இந்தியில் ‘கிருபயா’ உண்டு. தாம்பரம் தொடர்வண்டி நிலைய அறிவிப்புகளில் ஒலிப்பதால் இந்தி அறியாதோர்க்கும் இச்சொல் காதில் பழகியிருக்கும். பாடநூல்களும் இதைப் பணிவுச் சொல்லாகத் தரும். ஆயினும் இது அறிவிப்புக்கும் எழுத்துக்கும் உரிய சொல். கடையில் ‘கிருபயா’ என்று தொடங்குவது, தமிழ்க் கடைக்காரரிடம் ‘தயவுசெய்து இதனை அணிந்து பார்க்க அனுமதியுங்கள்’ என்று விண்ணப்பம் படிப்பதைப் போன்றது. தமிழிலும் ‘தயவுசெய்து’ என்பது பேச்சில் மன்றாடலுக்கோ கண்டிப்பான வேண்டுகோளுக்கோ வருகிறதேயன்றி ஒவ்வொரு சிறு கேள்விக்கும் வருவதில்லை. இரு மொழிகளும் பணிவை வினைவிகுதியிலும் சிறுசொல்லிலும் ஏற்றிவிடுவதால் தனிச்சொல்லின் தேவை குறைகிறது.

6. விளி

கேள்விக்கு முன் வரும் விளிச்சொல் உறவை முதலில் நிறுவுகிறது. தமிழில் ‘அண்ணா’, ‘அக்கா’, ‘தம்பி’ என்பது போல இந்தியில் ‘பையா’, ‘தீதீ’, ‘பாயி’ என்பன வருகின்றன. அறிமுகமில்லாதவரையும் உறவுப் பெயரால் விளிப்பது இரு சமூகத்தார்க்கும் இயல்பு.

தென்சென்னைப் பேச்சில் ‘பையா’ என்பது வடமாநிலத்தவர் ஒருவரைச் சுட்டும் பொதுப்பெயராகவும் திரிந்துள்ளது. விளியாக நிற்கும்போது அது அண்ணன். படர்க்கைப் பெயராக நிற்கும்போது இன்ன வகை ஆள். இத்திரிபை உடன்வரும் வினை காட்டிக்கொடுக்கும். ‘பையா, ஜரா திக்காயியே’ என்பதில் உறவுப் பெயரும் மதிப்பு வினையும் ஒத்துச் செல்கின்றன. ‘பையா’ என்று அழைத்துவிட்டு ‘தூ’ நிலை ஏவலைக் கூறும்போது விளி தந்த மதிப்பை வினை பறித்துவிடுகிறது. தமிழர்க்கு இவ்வேறுபாடு புரியாததன்று. ‘அண்ணா, வாங்க’ என்பதற்கும் ‘ஏய், வா’ என்பதற்கும் உள்ள தொலைவை அறிந்தவர்க்கு ‘ஆயியே’, ‘ஆ’ என்பவற்றின் தொலைவும் விளங்கும். காதால் மட்டும் கற்ற இந்தியில் பெரும்பாலும் குறுகிய ஏவல் வடிவங்களே நினைவில் தங்குவதால், கருதாமலே மதிப்புக் குறைவு நேர்ந்துவிடுகிறது.

7. இசைதலும் மறுத்தலும்

இசைவு கேட்கும் வினா மறுமொழியையும் வடிவமைக்கிறது. ‘பார்க்கலாமா?’ என்பதற்கு இலக்கணப்படி எதிர்மறை ‘பார்க்கக் கூடாது’. ஆனால் கடையில் அவ்வாறு கூறுவது விலக்காணையாக ஒலிக்கும். ஆகவே ‘இல்லைங்க, இது பிரித்தால் விற்காது’ என்று காரணத்தை முன்வைப்பர். இந்தியிலும் ‘நஹீங் தேக் சக்தே’ என்னும் நேர் எதிர்மறை கடுமையாகவே ஒலிக்கும். காரணம் கூறுவதோ, ‘ரெஹ்னே தீஜியே’ என்று தவிர்ப்பதோ மென்மை. ‘ரெஹ்னே தீஜியே’ என்பதன் நேர்ப்பொருள் ‘இருக்க விடுங்கள்’; தமிழில் ‘இருக்கட்டும், விடுங்கள்’ என்பது போன்றது. இசைவு கேட்கப் பயன்படும் அதே ‘-அட்டும்’ இங்கு மறுப்புக்கும் போர்வையாகிறது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இதற்கு நல்ல களம். பழைய மின்விசிறியோ அரவை இயந்திரமோ வாங்குபவர் அதை இயக்கிப் பார்க்காமல் விலை பேசுவது கடினம். அங்கு ‘ஏக் பார் சலாகர் தேக்கூங்?’ என்பது பணிவு மட்டுமன்று, வணிகத் தேவையும் ஆகும். இக்கேள்விக்கு விற்பவர் ‘தேக்கியே’ என்றால் பொருளின் மீது அவருக்குள்ள நம்பிக்கை வெளிப்படுகிறது. ‘ரெஹ்னே தீஜியே’ என்றால் வாங்குபவர் எச்சரிக்கை கொள்கிறார். கேள்வியைப் பணிவாகக் கேட்டால்தான் மறுமொழியிலிருந்து பொருளின் நிலையை உய்த்துணர முடியும். அதிகாரமாகக் கேட்டுப் பெற்ற மறுப்பு, கேட்டவரின் தொனிக்கு விடையா பொருளின் குறைக்கு விடையா என்று தெரியாமல் போகும்.

8. பணியிடம்

கடையில் இசைவு வடிவம் தெரியாமை சிறு மனவருத்தத்தோடு முடியலாம். பணியிடத்தில் அதன் விளைவு பெரிது. புதிய பணியாளர் ஒருவர் தையல் இயந்திரத்தையோ துளைக்கும் கருவியையோ பழக விரும்புகிறார் எனக் கொள்க. அவர் அறிந்த தமிழ் ‘எடு’, ‘வை’, ‘போ’, ‘வேண்டாம்’ என்பன. மேற்பார்வையாளர் அறிந்த இந்தி ‘கரோ’, ‘ஜல்தீ’, ‘மத் கரோ’ என்பன. வேலை வாங்க இச்சொற்கள் போதும். வேலை பழக்க இவை போதா. ‘நான் ஒருமுறை செய்து பார்க்கட்டுமா?’ என்று கேட்க இயலாத பணியாளர்க்கு இரு வழிகளே உள்ளன. கேளாமல் ஒதுங்கி நிற்கலாம். அல்லது கேளாமல் கருவியைத் தொடலாம். முதலாவதில் தொழில் கைவராது. இரண்டாவதில் கைக்கே தீங்கு நேரக்கூடும்.

மேற்பார்வையாளர் தரப்பிலும் இதே குறை உண்டு. ‘கரோ’ என்பது ஆணை. செய்து முடிக்க வேண்டும், தவறினால் குற்றம். ‘கர்கே தேக்கோ’ அல்லது ‘கர்கே தேக்கியே’ என்பது அழைப்பு. செய்து பார்க்கலாம், தவறினால் திருத்திக்கொள்ளலாம். ஒரு துணைவினையின் சேர்க்கை ஆணையைப் பயிற்சியாக மாற்றுகிறது. தமிழில் ‘செய்’ என்பதற்கும் ‘செய்து பார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. தம் மொழியில் இவ்வேறுபாட்டை நாள்தோறும் கையாளும் மேற்பார்வையாளர், இந்தியில் அதை விட்டுவிடுவதற்குக் காரணம் மனமின்மை அன்று. அவ்வடிவம் அங்கும் உண்டு என்பதை அறியாமையே.

எதிர்த்திசையிலும் இவ்வொற்றுமை உதவும். தமிழ் கற்கும் வடமாநிலத்தவர்க்குத் தமிழ் வினையின் இடவிகுதிகள் கடினம். ‘-லாமா’ வடிவமோ இடத்துக்கும் எண்ணுக்கும் பாலுக்கும் ஏற்ப மாறுவதில்லை. ‘பார்க்கலாமா?’ என்பதன் பேச்சு வடிவமான ‘பாக்கலாமா?’ என்பதை ஒருமுறை கற்றுக்கொண்டால் ‘போட்டுப் பாக்கலாமா’, ‘சாப்பிட்டுப் பாக்கலாமா’, ‘ஓட்டிப் பாக்கலாமா’ என எங்கும் பயன்படுத்தலாம். ‘பஹன்கர் தேக்னா’ என்பதைத் தம் மொழிப்பழக்கத்தில் கொண்டவர்க்கு அதன் வரிசை முறையும் புதிதன்று. தொழிலகங்களிலும் புறநகர்ப் பள்ளிகளிலும் தமிழ் கற்பிப்போர் பெயர்ச்சொல் பட்டியலுக்கும் ஏவலுக்கும் அடுத்து இவ்வடிவத்தை வைப்பது பொருத்தமாகும்.

9. முடிவுரை

பேச்சு இந்தியில் முயன்று பார்க்க இசைவு கேட்பது மூன்று கூறுகளால் அமைகிறது: உறவை நிறுவும் விளி, தொல்லையைக் குறைத்துக் காட்டும் சிறுசொல், ‘தேக்னா’ என்னும் துணைவினையின் விழைவு வடிவம். ‘பையா, ஜரா பஹன்கர் தேக்கூங்?’ என்னும் தொடரில் இம்மூன்றும் உள்ளன. ‘அண்ணா, கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டுமா?’ என்னும் தமிழ்த் தொடரோடு இது உறுப்புக்கு உறுப்பு ஒத்து நிற்கிறது. அகராதி தரும் ‘கோஷிஷ்’, அறிவிப்பு தரும் ‘கிருபயா’ ஆகிய இரண்டையும் நீக்கி, தம் தாய்மொழித் தொடரையே அடியொற்றிச் செல்லும் தமிழர் இயல்பான இந்திக்கு மிக அண்மையில் வந்துவிடுகிறார்.

‘பார்’ என்னும் துணைவினையில் இம்மொழிகள் கொண்டுள்ள ஒற்றுமை நெடுங்கால உறவின் விளைவு. தாம்பரத்தின் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் அது இன்று ஒரு நடைமுறைப் பயனைத் தரக் காத்திருக்கிறது. ஏவலை மட்டும் பரிமாறிக்கொள்ளும் இருவர் வேலையை முடிக்கலாம். இசைவு கேட்கவும் தரவும் அறிந்த இருவரிடையே தொழிலும் கைமாறும், மதிப்பும் நிலைபெறும். கற்பதற்கு வேண்டியது ஒரு வினைவடிவம்; அதன் பாதி இரு தரப்பாரிடமும் முன்னரே உள்ளது.